விளக்குமாற்றுக் கட்டை

ரீகாவில், ஐந்தாம் மாடியில் விஸ்மா.
நாலாம் மாடியில் நானும் என் தூக்கமும்.

மூளைக்காய்ச்சல் வந்துபோன பிப்ரவரிக்குப் பிறகு
அவள் செல்லோ நள்ளிரவில்தான் உறுமும்.
ஒரே சுரம். திரும்பத் திரும்ப அதே தடித்த சுரம்.
என் அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் பல் கடிக்கும்.

விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கை இடித்தேன்,
மூன்று முறை.
காது கேளாதவளுக்கு!
இடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வில் நின்றது.
மேலிருந்து ஒரு குதிகால் பதில் சொன்னது,
அதுவும் மூன்று.

மறுநாள் மாடிப்படியில் வழிமறித்து
மளிகைச் சீட்டின் முதுகில் எழுதிக் காட்டினாள்:
"மூன்றாவது இடி தாமதம்.
செல்லோவின் இரும்புக்கால் தரையில்,
அதன் கழுத்தில் என் தாடை.
பகலெல்லாம் டிராம் குறுக்கே பேசுகிறது.
ராத்திரிதான் தரை என்னுடையது."

கோபத்தை எந்தப் படியில் வைத்தேனோ,
திரும்ப எடுக்கவில்லை.

நவம்பரில் அரங்கு. அவள் எழுதிய புதுசு.
வாசித்தது வேறு ஆறு பேர்.
அவள் முதல் வரிசையில்,
நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்தபடி.
நடுவில் எல்லாத் தந்தியும் அடங்க
முரசுக்காரன் ஒரு மரப்பெட்டியை இடித்தான்:
ஒன்று. இரண்டு.

கொஞ்சம் தாமதித்து,
மூன்று.