கம்பம் இலக்கம் 214

புதிய உபவிதி மூன்றே பக்கம்.
முதல் பக்கம் கம்பங்களுக்கு:
'எதுவாயினும், கம்பத்தில் கட்டப்பட்டால் அது இணைப்பு.
இணைப்பொன்றுக்கு ஆண்டுக்கு முந்நூறு ரூபாய்.'
எழுதியவருக்கு மலை தெரியாது.

நான் நகரசபை வருமானப் பிரிவு இலிகிதர்.
குடை, பதிவேடு, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம்
மூன்றோடும் ஸ்டேஷன் ரோட்டில் தொடங்கினேன்.
கேபிள் டிவி ஒன்று, இன்டர்நெட் இரண்டு,
அறுந்த டெலிபோன் கம்பி (உரிமையாளர் தெரியாது),
ஸ்கொலர்ஷிப் டியூஷன் பலகை,
தேருக்குக் கட்டி இறக்க மறந்த ஹார்ன்,
போன வருட வெசாக் கூட்டின் மூங்கில் எலும்பு,
முப்பத்தோராம் நாள் அறிவித்தலில்
மழை மூக்கைக் கரைத்துவிட்ட ஒரு முகம்,
காக்கைக் கூடு.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.

214 தான் கடைசி. நகர எல்லை அதோடு முடிகிறது.
லொக்வுட் தோட்டத்துப் பத்துக் காம்பிரா லயம் ஒன்று
எல்லைக்கு இந்தப் பக்கம் கால் நீட்டிக் கிடக்கிறது.
கம்பத்திலிருந்து நாலாம் காம்பிரா இஸ்தோப்புக்கு
ஒரு நைலோன் கொடி.
அதில் மலைக்குக் கட்டும் படங்கு,
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை,
மூன்று நாளாகக் காயாத ஜம்பர்.

"இதுவும் இணைப்புதான்" என்றேன், வெட்கத்தோடு.
விட்டுவிடலாம் என்று வாயெடுக்குமுன்
"பில்லு போடுங்க" என்றார் ஞானசௌந்தரி.
"எம் பேருல. காம்பிரா நம்பர் போட்டு."
ஈரக்கையைத் துடைத்து முந்நூறை எண்ணி வைத்தார்.

ஏன் என்று அடுத்த செவ்வாய் புரிந்தது.
ரசீதைப் பொலித்தீன் பையில் போட்டு
சோலார் கழிவுக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார்.
உபவிதி, இரண்டாம் பக்கம்:
கூரையில் தகடு பொருத்துவோருக்கு
செலவில் நாலில் ஒன்று சபை திருப்பித் தரும்.
வதிவுக்கு அத்தாட்சி, சபை வழங்கிய பற்றுச்சீட்டு.
அது இருந்தது.
ஆறாம் கேள்வி: கூரை யாருக்குச் சொந்தம்?

"கம்பெனிக்கு" என்றார்.
"ஒழுகினா நாங்கதான் தார் பூசுறோம்.
அதுக்கு ஒரு கேள்வி இல்லையா?"
தாளைத் திருப்பியும் பார்த்தேன். இல்லை.
எழுதவேண்டியதை எழுதினேன்:
'விண்ணப்பதாரி கொடிக்கயிற்றுக்கு மட்டுமே உரிமையாளர்.'
என் கையெழுத்து அழகானது என்பார்கள்.

மூன்றாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.
கழிவுக்குப் பணம் தேட சபை விற்கும் பிணைமுறி;
ஒன்று பத்தாயிரம், ஐந்தாண்டு, வட்டி ஒன்பது வீதம்.
பிணை என்றால் கட்டு, முறி என்றால் ஒடி,
கட்டிவைத்து ஒடிக்கிற காகிதமா என்று
கந்தோரில் சிரித்தோம்.
பழந்தமிழில் முறி என்றால் தளிராம்,
எதிர்மேசை யோகராணி சொன்னாள்.
அப்படியென்றால் இந்த மலையில்
விடிந்தால் முறி ஒடிப்பதுதானே வேலை என்றும் சொன்னாள்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.
மூன்று மாதத்தில் விற்றது நாலு,
நாலும் ஒரே பேக்கரி முதலாளிக்கு.

மார்கழியில் ஞானசௌந்தரி வந்தார்.
பின்னால் பதினொரு பெண்கள்.
சீட்டுப் பணம், ஐம்பதும் இருபதும் நூறுமாய்,
றப்பர் வளையம் போட்டு.
"ஒரு முறி."

படிவத்தை வாசித்துக் காட்டினேன்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை.
"கூரை?"
கேட்கவில்லை என்றேன்.
"அப்ப இனிமே டவுன்தான் எங்களுக்குக் கடன்?"
யாரோ சிரித்தார், இருமல் போல.
ஆம் என்றேன். சட்டப்படி ஆம்.
இந்தப் பணத்தில்தான் ஹோட்டல் கூரைகளுக்குத்
தகடு போகும் என்பதையும் சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
"தெரியும். மூணாம் பக்கம் படிச்சேன்."

சான்றிதழ் அச்சாகி வந்தது.
கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ஞான, அப்புறம் ஒரு எடவெளி, அப்புறம் சௌந்தரி.
ரெண்டு ஆளு மாதிரி இருக்கு.
ஒரே சொல்லு. சேத்து அடிங்க."

பிரிண்டர் மறுபடி சூடாகும்வரை
பன்னிரண்டு பேரும் நின்றார்கள்.
வெளியே தூறத் தொடங்கியது.
கொடியில் துணி கிடக்கு என்று
ஒருத்தி மட்டும் ஓடினாள்.