முள்

இரத்தம் குழாயில் விழுந்ததும்
பனிக்கட்டியில் நட்டுவிட வேண்டும்.
தாமதித்தால் சிவப்பணுக்கள் தம்பாட்டுக்குக் கசிந்து
ஹோமோசிஸ்டீன் பொய்யாய் ஏறும்.

ஐஸ் இயந்திரம் பழுதான ஜனவரியில்
ஜன்னலைத் திறந்து
வெளிவிளிம்பில் குவிந்த பனியில்
எட்டுக் குழாய்களையும் குத்தி வைத்தேன்.
"தூண்டில் போடுகிறாயா, ஹால்டிஸ்?" என்றார் ஓட்வார்,
சட்டைக்கையை இறக்கிக்கொண்டே.
காலை பதினொன்று. ஹம்மர்ஃபெஸ்டில்
சூரியன் எழாத மாதம்.

முதல் மாரடைப்பு அவரைப் படகிலிருந்து இறக்கியிருந்தது.
ஆய்வில் நாளுக்கொரு மாத்திரை:
ஃபோலிக் அமிலம், பி ஆறு, பி பன்னிரண்டு.
அல்லது வெறும் மாவு.
யாருக்கு எதுவென்று அவருக்கும் தெரியாது
எனக்கும் தெரியாது.
தொடக்க எண் மட்டும் சொன்னேன், பதினேழு.
அதன்பின் எல்லாம் முத்திரையிட்டு ஆஸ்லோவுக்கு.

"முள் இறங்குகிறதா?"
ஒவ்வொரு முறையும் கேட்பார்.
"இறங்கினால் நல்லது."
"எங்கள் வீட்டில்
முள் இறங்கினால் படகுக் கயிற்றை இறுக்குவோம்."

அவர் வீட்டுச் சுவரில் பித்தளைக் காற்றழுத்தமானி.
ஏழு வயதில் அதன் கண்ணாடியைக் கழற்றி
முள்ளை 'நல்ல வானிலை'யில் நிறுத்தினாராம்
அப்பாவோடு கடலுக்குப் போகும் ஆசையில்.
அப்பா முள்ளைப் பார்த்தார்
வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்
பூட்ஸைக் கழற்றினார்.

மூன்று குளிர்காலம்.
ஒரு மாத்திரை தவறவில்லை.
ஏப்ரலில், விற்கவும் மனமில்லாத படகுக்குச்
சாயம் பூசிக்கொண்டிருந்தபோது
தூரிகை கையிலிருக்க.

அடுத்த ஆண்டு உறைகளைப் பிரித்தார்கள்.
வைட்டமின் தின்றவர்களின் எண் சரிந்திருந்தது
நாங்கள் ஆசைப்பட்டதைவிட அழகாக.
இதயங்களின் கணக்கில்
மாவுக்கோடும் மருந்துக்கோடும்
ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன.

ரக்னாவிடம் நேரில் போய்ச் சொன்னேன்.
"அவருக்கு மாவுதானே?"
அப்படியிருந்தால் யார்மேலாவது கோபப்படலாம்.
"இல்லை. அசல் மருந்து.
பதினேழு பத்தாகியிருந்தது."

அவள் எழுந்தாள்
சுவர்க் கண்ணாடியை நகத்தால் தட்டினாள், இருமுறை.
அங்கே என்ன காட்டியதோ.

உருளைக்கிழங்கை வடித்து
காட் மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.
"பார்த்துச் சாப்பிடு
முள் இருக்கும்."