ஏழு நாள் தரை

முதலில் அது பேரேட்டில் விழுந்த மை என்றுதான் நினைத்தேன்.
பெருவிரலால் தேய்த்தேன்.
யாரோ ஒரு ஆணி வியாபாரியின் நிலுவை கிழிந்ததே தவிர
புள்ளி போகவில்லை,
பார்த்த இடமெல்லாம் கூடவே வந்தது.
ஐந்தாம் குறுக்குத் தெருவில் நாட்டாமைமார்
மூட்டையோடு கத்திக்கொண்டு போகையில்
கடைக்கண்ணில் மின்னல். மழை இல்லை.
மூன்றாம் நாள்
மூக்குப் பக்கமிருந்து இருட்டு ஏறியது,
நாள் முடியுமுன்னே யாரோ ஷட்டரை இழுத்ததுபோல்.

கண் ஆஸ்பத்திரியில் டொக்டர் மடவல
துண்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறி
உட்சுவரில் ஒரு கிழிசலும் கீறினார்.
ஈரச் சுவரில் பெயின்ட் உரிந்து வரும், அதுதான் என்றார்
சிங்களத்தில்.
கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருப்பவனுக்கு
ஈரச் சுவர் எந்த மொழியிலும் விளங்கும்.

விழித்திருக்கவே செய்தார்கள்.
பச்சைத் துணிக்குக் கீழே
வலி இல்லை, வேலை மட்டும் நடந்தது.
மீன்தொட்டிக்குள் விட்ட பென்சில்போல
ஒரு நிழல் என் கண்ணுக்குள் நடமாடக் கண்டேன்.
யாரோ நேற்றைய மட்ச்சைப் பற்றிப் பேசினார்கள்.
பிறகு லேசர்: பச்சை, பச்சை, பச்சை,
தையல்காரன் ஓரம் அடிப்பதுபோல.
கடைசியில் ஒரு குமிழி வாயு ஊதி
கிழிசலுக்கு முட்டுக்கொடுத்தார்கள்.

"ஒலுவ உஸ்ஸன்ன எப்பா" என்றாள் நேர்ஸ்.
தலையை உயர்த்தாதே.
இதே வாக்கியத்தை ஒருமுறை
ஆமர் வீதிச் சந்தியில் கேட்டிருக்கிறேன்,
என் அடையாள அட்டை வேறொருவர் கையில் இருக்க.
அன்றைக்கு ஏனென்று
யாரும் படம் கீறிக் காட்டவில்லை.

ஏழு நாள் தரை.
சிவப்புச் சீமெந்தில் ஒரு வெடிப்பு
கட்டில்காலில் தொடங்கி வாசல்வரை போகிறது,
எறும்புக்கு அது களனி கங்கை.
வந்தவர்களைக் காலால் அறிந்தேன்.
முதலாளியின் வெள்ளைச் செருப்பு
மூன்று நிமிடம் நின்று
அலுமாரிச் சாவி எங்கே என்று கேட்டுப் போனது.
மகள் ஆரபி என் முகத்துக்கு நேர்கீழே
தரையில் மல்லாந்து படுத்தாள்.
"அப்பா, உங்கட மூக்குக்குள்ள நரைச்ச மயிர்."
சாந்தரூபியின் குதிக்கால்களில் பித்தவெடிப்பு,
ஒன்றில் இரத்தம் காய்ந்திருந்தது.
எப்போதிருந்து என்று கேட்டேன்.
பத்தொன்பது வருடம் கழித்துக் கேட்ட கேள்விக்கு
அந்தக் கால்கள் குசினிக்குப் போய்விட்டன.

எட்டாம் நாள் நிமிர்ந்தபோது
கண்ணுக்குள் நீர் ஆடியது,
மேசனின் ரசமட்டம்போல ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே ஜன்னல், கொடியில் காயும் சட்டை,
துறைமுகப் பாரந்தூக்கி ஒன்றின் தலை.
எல்லாம் கொஞ்சம் வளைந்து.
கீழே கறுத்த தண்ணீர்.
இனி இப்படித்தான் இருக்கலாம் என்கிறார் டொக்டர்,
'லாம்' என்பதை அழுத்தி.

நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன்.
சாந்தரூபி எதிரே வந்து நின்றாள்.
நெற்றி தெரிந்தது. கண்கள் தெரிந்தன.
வாய் இன்னும் கோட்டுக்குக் கீழே
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.