எழுபத்தொரு சென்டிமீட்டர்

கண் பரிசோதனை இலவசம் என்று
லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தார்கள்.
அடியில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது.
அதைப் படிக்க முடியாதவன்தான் முதலில் போகவேண்டும்
என்றான் பெங் ஹுவாட்.
யாரும் சிரிக்கவில்லை.
இரவு ஷிஃப்ட் முடிந்த காலை அது.

துவாஸ். மூன்றாம் மாடி.
பாரந்தூக்கி இயக்கும் அறை.
பாரந்தூக்கி இங்கே இல்லை,
இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலோரம் நிற்கிறது.
நான் நாற்காலியில்,
ஆறு திரைகளுக்கு முன்னால்,
கட்டைவிரலால் நாற்பது டன் தூக்குகிறேன்.

முன்பு தஞ்சோங் பகாரில்
கண்ணாடிக் கூண்டுக்குள் பதினான்கு வருஷம்
கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தே கழிந்தது.
மேலே காற்று எப்படி, கடல் எப்படி என்று
யாராவது ஆசையாகக் கேட்டால்
மூத்திரத்துக்கு இறங்கி ஏறும் நேரத்தைச் சொல்வேன்.
முதுகு போனது போனதுதான்.
இந்த நாற்காலி நல்ல நாற்காலி.

கண்தான்.
விடிகாலை மூன்றுக்கு மேல்
பெட்டி எண்ணில் எட்டு மூன்றாகும்,
ஒரு மூலைக்கு இரண்டு மூலை முளைக்கும்.
சொட்டு மருந்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்,
சொல்லவில்லை.
பரிசோதனை என்றால் ஒரு தாள்.
தாள் என்றால் அது யார் மேசைக்குப் போகும்?
கூட்ட அறையில் யூசுப் உள்ளே போனபோது
கதவோரம் நின்று
அவன் வாசித்ததை மனப்பாடம் செய்தேன்.
டி, எஃப், என், பி, இசட்.

என் முறை வந்ததும்
அவள் ஏதோ பொத்தானைத் தட்டினாள்.
எழுத்துகள் எல்லாம் மாறிவிட்டன.
நான் டி என்றேன்.
"மனப்பாடமா, அங்கிள்?
எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒருத்தர் இருக்கிறார்."
தாளைத் திருப்பிக் காட்டினாள்:
"உங்கள் கம்பெனிக்கு நான் அனுப்புவது
பில் மட்டும்தான்."
அதற்கப்புறம் தெரியாததையெல்லாம்
தெரியவில்லை என்றே சொன்னேன்.
நிறைய இருந்தது.

பிறகு என் இருக்கைக்கே வந்தாள்.
மூக்கின் நுனியிலிருந்து திரைவரை
தையற்காரர் மாதிரி டேப் பிடித்தாள்.
எழுபத்தொன்று.
வாசிக்க ஒரு கண்ணாடி உண்டு, தூரத்துக்கு ஒன்று உண்டு,
இது நடுவில் என்றாள்.
கம்பெனி இருநூறு வெள்ளி,
ஃப்ரேமுக்கு நான் முப்பத்தெட்டு.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
இருபதடி தள்ளி எதையாவது
இருபது விநாடி பாருங்கள் என்று சொல்லிவிட்டு
அறையைச் சுற்றிப் பார்த்தாள்.
நான்கு பக்கமும் சுவர்.
மன்னிக்கவும் என்றாள், அவள் கட்டிய சுவர் போல.

கண்ணாடி வந்தது. எட்டு எட்டாகவே நின்றது.
கழற்ற மறந்து பேருந்து ஏறி
எண் தெரியாமல் வேறு பேருந்தில் ஏறி
ஜூரோங் வெஸ்ட் போய்ச் சேர்ந்தேன்.
அடுப்படியில் நீல நைட்டி ஒன்று அசைந்தது.
கோப்பியோடு கிட்டே வந்தபோது
ஓரிடத்தில் பத்மாசனி சட்டென்று கூர்மையானாள்.
இடது புருவத்தில் ஒரு நரை.
இது எப்போதிருந்து என்றேன்.
கிளாஸை மேசையில் வைத்துவிட்டு
மறுபடி மங்கலுக்குள் போய்விட்டாள்.

இருபதடிக்கு என்ன செய்வது?
ஐந்தாம் திரையில் கடல் தெரியும்,
பாரந்தூக்கி மூக்கிலிருக்கும் கேமரா வழியாக.
இருபது விநாடி அதையே பார்த்தேன்.
கண் ஏமாறவில்லை.
அந்தக் கடலும் எழுபத்தொன்றில்தான் இருக்கிறது.

நேற்று இரண்டரை மணிக்கு எழுந்து போனேன்.
தாழ்வாரக் கோடியில், பான இயந்திரத்துக்குப் பக்கத்தில்
கைக்குட்டை அளவு ஜன்னல்.
ஏற்கனவே ஹஃபீஸா நின்றிருந்தாள்.
பெங் ஹுவாட் நின்றிருந்தான்.
இடம் விட்டார்கள்.
அவள் மலாயில், அவன் ஹொக்கியனில்,
நான் வாய்க்குள்,
ஒன்று, இரண்டு, மூன்று.

"அது கப்பலா, நட்சத்திரமா?" என்றாள் ஹஃபீஸா.
கப்பல் என்றான் அவன்.
நான் போட்டிருந்தது தப்பான கண்ணாடி.
கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.
உள்ளே என் பெட்டி அந்தரத்தில் காத்திருப்பதாக
மணி அடித்தது.
பதினேழு வரை எண்ணியிருந்தோம்.