ருசி பார்க்க மட்டும்

மால்டோவாவின் வடக்கு நுனி பிரிச்சேனிலிருந்து
தெற்கே காஹுல் வரை
பதினோரு நாள், ஆறு பேருந்து,
ஒரு பை நிறைய வினாத்தாள்.
கூடவே ஓர் அட்டை. அதில் கோப்பையின் படம்.
இதுதான் ஒரு கோப்பை என்று
தலைநகரில் யாரோ முடிவு செய்த அளவு.

வடக்கே, பிளம் சாராயம் காய்ச்சும் ஊரில்
ஹரலாம்பியே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது கண்ணுக்கு மருந்து விடுகிற கிண்ணம் அம்மா.
குடிக்கிறது எங்கே?"
மேல்வரிசையில் இரண்டே பல்.
விரல்விட்டு எண்ணிச் சொன்னார், கூட்டியே சொன்னார்,
தோட்டத்துப் பூசணியின் எடையைச் சொல்வதுபோல.

தெற்கே திராட்சை.
ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் இன்னொரு வீடு,
பீப்பாய்கள் குடியிருப்பது.
அங்கே யாருமே குடிப்பதில்லை.
"ஒயினா? அது சாப்பாடு."
சாப்பாட்டுக்கு என் தாளில் கட்டம் இல்லை.

பெண்கள் மட்டும்
வடக்கிலும் தெற்கிலும் ஒன்றையே சொன்னார்கள்:
ருசி பார்க்க மட்டும்.
கல்யாணத்தில், ஞானஸ்நானத்தில்,
உதடு நனைய.
எங்கோ ஒரே கடையில்
மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்ட சொற்கள்.
பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யம். பூஜ்யம்.
மூன்றாம் நாளே பேனா அந்த வட்டத்தைத்
தானாகச் சுழிக்கக் கற்றுக்கொண்டது.

சம்ஃபிராவும் அதையேதான் சொன்னாள்.
தனியே வைத்துக் கேட்கவும் என்கிறது கையேடு.
அந்த வீட்டில் சூடேறிய அறை ஒன்றே ஒன்று,
அதில் அவள் கணவன்
ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

நாய் குரைத்தது. அவன் எழுந்து கேட்டுக்குப் போனான்.
அவள் குரல் மாறவில்லை, வேகம்தான் கூடியது.
"உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போவேன்.
ஒரு நாளைக்கு நாலு தடவை.
இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.
இரண்டு பேர் எவ்வளவு கிழங்கு தின்போம்,
நீயே கணக்குப் போடு."

அவன் திரும்பி வந்தான், பூட்ஸைத் தட்டிக்கொண்டு.
"அடுத்த கேள்வி?" என்றாள்.

அடுத்தது இருபத்துமூன்று:
பிறர் குடித்ததால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்ததுண்டா?
மேசை விரிப்பில்
இல்லாத ஒரு துகளைத் தட்டிவிட்டாள்.
அந்தக் கையின் சுண்டுவிரல் மட்டும்
மடங்காமல் நின்றது.
"இல்லை."

பத்தாம் நாள் இறந்தவர்களின் ஈஸ்டர்.
கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை,
ஊரே கல்லறைத் தோட்டத்தில்
ஜமுக்காளம் விரித்து, சிவப்பு முட்டை உரித்து.
நானும் போனேன்.
ஆண்களின் கற்களில் கழித்தல் சுலபம்:
நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. நாற்பத்துநான்கு.
பக்கத்திலேயே மனைவியின் பெயர்,
பிறந்த ஆண்டு, ஒரு கோடு,
மீதிக்கு மழமழவென்று வெற்றிடம்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பெண்கள்
கல்லின் தலைமாட்டில் ஒயின் ஊற்றுகிறார்கள்.
அவன் இருந்தபோது பூட்டி வைத்ததை,
சாவியை உள்பாவாடையில் முடிந்து வைத்ததை,
இப்போது தாராளமாக.
மண் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு
தங்கள் கோப்பையை நிரப்பிக்கொள்கிறார்கள்.
யாரும் அளக்கவில்லை.
நான் அட்டையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அன்றிரவு காஹுல் விடுதிக்கு
அலுவலகத்திலிருந்து போன்.
தரவு ஏற்றுகிற பையன் இலாரியன்.
"அக்கா, நீங்கள் அனுப்பிய படத்தில், ஆறாம் பக்கம், ஓரத்தில்
'உருளைக்கிழங்கு, நான்கு' என்று இருக்கிறதே,
இதை எந்தக் கட்டத்தில் போட?"

பல் விளக்கும் குவளையை
ஜன்னல் விளிம்பில் ஓசையில்லாமல் வைத்தேன்.
அடியில் இன்னும் ஒரு விரற்கடை சிவப்பு.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.
"அதுவரைக்கும் அதை அழிக்காதே."