பாலுக்கு என்ன பால்

தமிழ் வகுப்புக்குப் பத்துப் பேர் வேண்டுமாம்.
ஏழு பேர்தான் இருந்தோம்.
ஏழையும் இரண்டாகக் கிழித்து
பிரெஞ்சுக்குப் பாதி, ஸ்பானிஷுக்குப் பாதி.
எனக்கு மட்டும் இரண்டும்.
கால அட்டவணையில் ஓர் ஓட்டை இருந்தது,
அடைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

திங்களும் புதனும் மதாம் லத்தீஃபா,
ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரர்.
மீன்முள் சிக்கிய தொண்டையால்
'ர' சொல்லச் சொல்வார்.
ஷிஃபானாவுக்கு முதல் நாளே வந்துவிட்டது,
அரபியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.
எனக்கு வரவில்லை.
முசஃபா பாலம் தாண்டும்வரை
பேருந்து ஜன்னலைப் பார்த்துக்
கொப்பளித்துக்கொண்டே போனேன்.
முன்சீட்டுப் பையன்
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மேசை பெண் என்றார்.
சரி.
நாற்காலி பெண், ஜன்னல் பெண்,
ஏசி மட்டும் ஆண்.
ஏன் மதாம் என்றேன்.
'ஏன்' பெயர்ச்சொல் இல்லை,
அதற்குப் பால் கிடையாது,
உட்கார் என்றார்.

உயிருள்ள காக்கையும் 'அது'
உயிரில்லாத மேசையும் 'அது'
என்று வளர்ந்தவள் நான்.
உட்கார்ந்தேன்,
அந்தப் பெண்மேல்.

செவ்வாயும் வியாழனும் மரிவிக் மிஸ்,
சம்போவாங்காவிலிருந்து வந்தவர்.
நேற்று ஆணாயிருந்த உப்பு
இன்று பெண்.
நேற்று ஆணாயிருந்த ரத்தமும் பெண்.
கடல் மட்டும் எதிர்த்திசையில் நடந்துபோய்
ஆணாகி நின்றது, வெக்கையும் கூடவே.
பாலுக்கு என்ன பால்
என்று நோட்டின் ஓரத்தில் எழுதினேன்.
பக்கத்து பெஞ்சு ரொசாரியோ,
தூத்துக்குடிக்காரன்,
அவன் ஒருவன்தான் சிரித்தான்.
மிஸ் முதல் நாளே
சரியாகச் சொன்ன ஒரே பேர் அவனுடையது.

"எங்கள் வீட்டில்," மிஸ்
கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்,
"எல்லாவற்றுக்கும் ஒரே 'எல்'தான்.
பாலுக்கும் எல், உப்புக்கும் எல்.
ஸ்பெயின்காரர்கள் போனபிறகு
நாங்கள் கூட்டிப் பெருக்கியதில்
'லா' தொலைந்துவிட்டது.
நீ தேர்வில் அப்படி எழுதிவைக்காதே."

அப்பாவுக்கு வேலை தவீலாவில்,
கடலைக் குடிநீராக்கும் ஆலை.
வேதாரண்யத்துக்காரர்.
ஊரில் உப்பு எடுப்பார்கள்.
இவரும் உப்பைத்தான் எடுக்கிறார்.
இரவு பத்தரைக்கு அவர் சாப்பிட,
நான் எதிரே உட்கார்ந்து ஒப்பித்தேன்:
லா மேர், லு செல். கடல் பெண், உப்பு ஆண்.
எல் மார், லா சால். கடல் ஆண், உப்பு பெண்.

மோர்க்குழம்பைப் பிசைந்தபடி யோசித்தார்.
"அப்ப எந்தப் பாஷையில பாத்தாலும்
குடும்பத்தப் பிரிக்கிற வேலைதானா எனக்கு?"

தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த போனில்,
சலாலா மருத்துவமனை விடுதியிலிருந்து,
அம்மா சிரித்தாள்.
கொஞ்சம் தாமதமாக.
நெட் அப்படி.

"தண்ணி என்னடி, ஆணா பொண்ணா?"
இரண்டிலும் பெண்தான், அப்பா.
ஆனால் ஸ்பானிஷில்
ஆண் சட்டை போட்டுக்கொண்டுதான்
வெளியே வருவாள். எல் ஆகுவா.
அந்தச் சட்டையைக் கழற்றி எழுதி
அரை மார்க் போயிருக்கிறது எனக்கு.

டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்தார்,
ஆலையில் பிடிக்கிற மாதிரி.
"எல்லாத்தையும் எடுத்துட்டா
இது சும்மா இருக்காது,
குழாயையே அரிச்சுத் தின்னுடும்.
கடைசித் தொட்டியில
கொஞ்சம் சுண்ணாம்பு சேத்துத்தான்
ஊருக்குள்ள விடுவோம்."

குடித்தார்.
நான் அகராதிகளைத் திறந்தேன்.
சுண்ணாம்பு:
இதில் பெண்.
அதிலும் பெண்.

அம்மாவிடம் சொல்லத் திரும்பினால்
திரையில் அவள் உறைந்திருந்தாள்,
வாய் பாதி திறந்து,
தொண்டைக்குள்ளிருந்து
ஒரு 'ர' சொல்லப்போகிறவள்போல.