எண்ணில் தொடங்கும் ஊர்

பதினோரு கணினிகளில் உயிருள்ளவை ஏழு.
ஏழில் ஒன்றுக்குக்
கூர் அடைப்பு விசை எழும்புவதில்லை.
அது இல்லாமல் ஒரு டேக்கூடத் திறக்காது.
அந்தக் கணினிக்காரர்கள்
பழைய கோப்பிலிருந்து ஒன்றை எடுத்து
ஒட்டிக்கொள்கிறார்கள்,
பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல.

சனிக்கிழமை. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
வெளியே ஒரு பனியன் கம்பெனி லாரி
பின்பக்கமாய் வரும் பாட்டு.
திறந்ததை மூட வேண்டும் என்கிறேன்.
"எங்க வீதிப் பைப்பு
தொறந்தாலும் மூடுனாலும் ஒண்ணுதானுங் மிஸ்"
என்கிறான் மௌலீசன்.
சிரிப்பு அடங்க
யூபிஎஸ் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

மாறி என்பது டப்பா.
பெயரை வெளியே ஒட்டு, சரக்கை உள்ளே போடு.
பெயர் மட்டும் எண்ணில் தொடங்கக் கூடாது.

சொல்லி முடிக்கவில்லை,
சௌடேஸ்வரியின் திரையில் சிவப்பு வரி.
அவள் ஊரைத்தான் எழுதியிருந்தாள்:
15வேலம்பாளையம்.
"எங்கூருப் பேரே தப்புங்களா மிஸ்?"

பஸ் போர்டில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது,
இந்தப் பள்ளியின் முத்திரையில் இருக்கிறது.
இந்த மொழியை எழுதியவர்கள் யாரும்
இந்தப் பக்கம் பஸ் ஏறியதில்லை என்றேன்.
முன்னால் ஓர் அடிக்கோடு இழு, ஏற்றுக்கொள்ளும்.
இழுத்தாள். கணினி ஏற்றுக்கொண்டது,
அவள் முகம் ஏற்கவில்லை.
அழித்துவிட்டுப்
பதினஞ்சு என்று எழுத்தாலேயே எழுதினாள்.
"அது எதுக்குங் மிஸ் பதினஞ்சு?"
எனக்குத் தெரியாது. நான் பெருமாநல்லூர்க்காரி.

அன்றைய வேலை ஒரு பக்கம், ஒரு பொத்தான், ஒரு கேள்வி:
இன்னிக்குத் தண்ணி வருமா?

மௌலீசன் முதலில் முடித்தான்.
அழுத்தினால் 'வராது'.
மறுபடி அழுத்தினால் மறுபடி 'வராது'.
உள்ளே நிபந்தனை ஏதும் இல்லை.
"பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வருதுங்.
ஒம்பது நாள் கரெக்டாச் சொல்லுதுங்களே."
தொண்ணூறு சதம் சரி என்று
டை கட்டி விற்கிற மென்பொருள்கள் நினைவுக்கு வந்தன.
தொகுப்பூதியக்காரி. வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த ஒரு நாளுதானுங் மிஸ் வேணும்"
என்றாள் பிங்கி குமாரி.
பாட்னாவுக்கு அப்பால் எங்கோ பிறந்து
'ங்க'வை இங்கே கற்றவள்.
அம்மா செக்கிங்கில், அப்பா நைட் ஷிஃப்டில்.
லைன் வீட்டுச் சுவரில்
கரியால் தான் போட்டு வைத்த கோடுகளை
ஞாபகத்திலிருந்து எண்ணி எண்ணி அடித்தாள்:
ஒம்பது, பன்னெண்டு, பத்து, பதினாலு, ஒம்பது.
"ஒம்பதுக்குக் கம்மின்னா வராதுங்.
பதினாலு தாண்டுனா வந்தே ஆகணும்.
நடுவுல என்னங் மிஸ் போடறது?"

உண்மை அல்லது பொய்,
இரண்டே பதில்தான் உண்டென்று
ஒரு மாதமாய்க் கரும்பலகையில்
கட்டம் போட்டு நிரூபித்தவள் நான்.
அவளே போட்டாள்:
'வரலாம். ஒருத்தராச்சும் ஊட்ல இருங்க.'
முதலில் தமிழ் முழுக்கக்
கேள்விக்குறியும் கட்டமுமாய் வந்தது.
தலைப்பகுதியில் ஒரு வரி சேர்த்ததும்
'ஊட்ல' தெளிந்தது.
ஊட்டைத் திருத்தி வீடு ஆக்கலாமா என்று யோசித்தேன்.
விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை, முதல் பீரியடில் பாதி போயாயிற்று.
சௌடேஸ்வரியின் அண்ணன் போனில்
பக்கம் 'வரலாம்' என்றிருக்கிறது.
வந்தும் இருக்கிறது.
சுடிதார்க் கால் நனைந்து ஆறு பேர் வாசலில்.
மௌலீசன் மட்டும் முதல் பெல்லுக்கே வந்து
காய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கிறான்.
"எங்கம்மா என்னைய வெளுக்கப் போறாங்க மிஸ்."

வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரு பெயருக்கு ஒரு கட்டம்.
வந்தால் ஒன்று, வராவிட்டால் இன்னொன்று.
மூன்றாவதுக்கு அதில் எழுத்து இல்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
நிமிராமலே சொன்னேன்,
"உள்ள வாங்க.
ஈரக் காலோட அந்த ஒயர்ப் பக்கம் போகாதீங்க."